மூணு இஞ்ச், நாலு இஞ்ச்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுத் தோழிகளே, ஒரு மாதமாக நம் வாட்ஸப் குழுவில் நீங்கள் எழுதுவதை எல்லாம் நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் விற்ற மாங்காய், மிளகாய்ப்பொடி தொட்ட கொய்யா, மழைக்கு லீவு விட்ட நாள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அது பொற்காலமாக இருந்திருக்கிறது. நல்லது. "நீ மட்டும் ஏன்டி வாயைத் தெறக்க மாட்டேங்கற, கணக்கு டீச்சரம்மா?" என்று நேற்று ஒருத்தி கேட்டாள். கேட்டதால் சொல்கிறேன். ஏன்டி சொன்னாய் என்று அப்புறம் யாரும் கேட்கக் கூடாது.

அந்த வருஷம் என்றாலே எனக்கு முதலில் வருவது குழாய் ஒட்டும் பசையின் நெடிதான். தேரடி வீதியில் என் அப்பா பைப் கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வரும்போது கடையை மூடிவிட்டு, வெளியே அடுக்கிய குழாய்களை எல்லாம் உள்ளே இழுத்துப் போட வேண்டும். அந்த வேலைக்கு நானும் போவேன். சாம்பல் நிறக் குழாய்களின் வாயில் காதை வைத்தால் தெருச் சத்தம் முழுக்க அதற்குள் கேட்கும். அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடு முழுக்க அந்தப் பசை வாசனை வரும். அம்மா மூக்கைச் சுளிப்பாள். எனக்கு அது பிடிக்கும். அப்பாவின் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் கணக்கு டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். சாக்பீஸைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்து எழுதுவாரே, அவர்தான். தீபம் முடிந்து பள்ளி திறந்த வாரம் பிதாகரஸ் தேற்றம் நடத்தினார். பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் போட்டார். பக்கங்கள் மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு சதுரம். மூன்றின் மேல் ஒன்பது கட்டம், நான்கின் மேல் பதினாறு கட்டம், இரண்டையும் கூட்டினால் ஐந்தின் மேல் உள்ள இருபத்தைந்து கட்டம். நான் எழுந்து நின்றேன்.

"டீச்சர், சதுரம்தான் வரையணுமா? வட்டம் வரைஞ்சா வராதா?"

"வட்டமெல்லாம் பரீட்சைக்கு வராது. உக்காரு."

வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களில் மூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

எனக்கு வீம்பு. வீட்டுக்குப் போனதும் கிராஃப் நோட்டை விரித்தேன். மூடியில் ஒட்டகப் படம் போட்ட காம்பஸ் டப்பா ஒன்று வைத்திருந்தேன். கீல் துருப்பிடித்து, திறக்கும்போது கீச்சென்று கத்தும். அது எங்கே தொலைந்தது என்று இன்றுவரை தெரியாது. அந்தக் காம்பஸை வைத்து மூன்று பக்கங்களின் மேலும் வட்டம் போட்டேன். உள்ளே விழுந்த குட்டிக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டு எண்ணினேன். பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று, பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடுவது. சின்ன வட்டமும் நடு வட்டமும் சேர்ந்தால் பெரிய வட்டம், ஏறக்குறைய அப்படியே வந்தது.

அத்தோடு விட்டேனா. மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஊரே சாமியென்று கும்பிடும் மலையை வரைந்தேன். எங்கள் மாடியிலிருந்து மலைக்கு ஒரு தோள் தெரியும், உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு தெரியும். அதே தோள், அதே மேடு, மூன்று பக்கத்தின் மேலும் மூன்று மலை, சின்னது, நடுத்தரம், பெரிது. எண்ணினேன். அதுவும் வந்தது. அப்போதுதான் காரணம் புரிந்தது. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது. அது எந்த உருவமானாலும் அப்படித்தான். ஆகவே மூன்றும் ஒரே அச்சில் இருந்தால் போதும். சதுரமோ வட்டமோ தோசையோ மலையோ, தேற்றத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

"சாமியப் போயி முக்கோணத்து மேல குந்த வெச்சிருக்கியே, பாவம்டி" என்றாள் அம்மா, நோட்டை எட்டிப் பார்த்து.

அப்பா மட்டும்தான் கேட்டார். கடையிலிருந்து வந்து, கை கால் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முதலிலிருந்து சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

"அப்ப மூணு இஞ்ச் வட்டமும் நாலு இஞ்ச் வட்டமும் சேந்தா, சரியா அஞ்சு இஞ்ச் வட்டம். மிச்சமே இல்லாம?"

"மிச்சமே இல்லாம, பா."

"எங்க, இன்னொரு வாட்டி சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து மூன்று துண்டுக் குழாய் கொண்டுவந்தார். மூன்று இஞ்ச், நாலு இஞ்ச், அஞ்சு இஞ்ச், எல்லாம் ஒரு சாண் உயரம், அடியில் மூடி ஒட்டியது. எனக்காகச் செய்திருக்கிறார் என்று நான் அன்றைக்குப் பூரித்துப்போனேன். பசை காயாத ஈரத்தோடு அவற்றைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் எங்களுக்குக் கழனி இருந்தது. பாதி அப்பாவுக்கு, பாதி அத்தைக்கு. கிணறு ஒன்றுதான், அதில் இருவருக்கும் சரிபாதி. அப்படித்தான் அவர்களைப் பெற்றவர் சொல்லிவிட்டுச் செத்தார். மாமா பாம்பு கடித்துப் போன பிறகு, ஐந்து வயது மகனோடு அத்தை கழனியிலேயே குடிசை போட்டு, தானே பயிர் வைத்தாள். அப்பா தன் பங்கை ஆள் வைத்துப் பார்த்தார். நான் லீவுக்குப் போனால் அத்தை ஈர மல்லாட்டையைச் செடியோடு பிடுங்கி, கடலை ஓடு கருகச் சுட்டுத் தருவாள். அவள் முந்தானையில் எப்போதும் மண் வாசனை அடிக்கும். அப்பாவின் பசை வாசனைக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது அதுதான். அவளுக்கும் என்மேல் உயிர். ரேஷன் கடைச் சீட்டு, கரண்டு ஆபீஸ் கடிதம் எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்து, நான் வந்தால்தான் படிக்கச் சொல்லுவாள். "பாப்பா படிச்சா சரியாதான் இருக்கும்" என்பாள்.

கிணற்று மேட்டில் ஒரு சிமெண்ட் தொட்டி. மோட்டார் இறைத்த தண்ணீர் அதில் விழுந்து, சுவரில் பதித்த அஞ்சு இஞ்ச் குழாய் வழியாக வாய்க்காலுக்குப் போகும். ஒருநாள் அத்தை கழனிக்கு, மறுநாள் எங்கள் கழனிக்கு. முறைத்தண்ணீர். அப்பா தன் பங்கில் கரும்பு போட ஆசைப்பட்டார். கரும்பு தண்ணீரைக் குடிக்கிற பயிர், ஒருநாள் விட்டு ஒருநாள் அதற்குப் போதாது.

பொங்கல் முடிந்து அப்பா என்னை ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார். துண்டுக் குழாய்கள் ஒரு பையில் என் மடியில். கிணற்று மேட்டில் அத்தை, ஊர்ப் பெரியவர் ஒருவர், வேடிக்கை பார்க்க நாலைந்து பேர்.

"இந்த முறையெல்லாம் எதுக்கும்மா?" என்றார் அப்பா அத்தையிடம். "கரண்டு எப்ப வருதோ அப்ப நீ ஓடிப் போயி மடை திருப்பணும். அந்த அஞ்சு இஞ்ச அடச்சிட்டு ரெண்டு குழா வெச்சிடறேன். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மோட்டார் ஓடற நேரமெல்லாம் ரெண்டு பேருக்கும் தண்ணி. புது மோட்டார், தொட்டி வேல எல்லாம் என் செலவு. அதுக்குன்னு ஒரே ஒரு இஞ்ச் எனக்கு ஜாஸ்தி. எனக்கு நாலு, உனக்கு மூணு."

அத்தை எழுத்து கூட்டிப் படிப்பவள்தான், ஆனால் அவளை யாரும் மடச்சி என்று சொல்ல முடியாது.

"ஒரு இஞ்ச் போனா போவுது, நீதான செலவு பண்ற. ஆனா அண்ணா, மூணும் நாலும் ஏழாச்சே. அஞ்சு இஞ்ச்ல வர்ற தண்ணி ஏழுக்கு எப்டிப் பத்தும்? உன் குழா மொதல்ல இழுத்துக்கினா எனக்குக் காத்துதான வரும்?"

"அத நான் சொன்னா நீ நம்ப மாட்ட. பாப்பா சொல்லுவா."

நான் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன், தோழிகளே. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியவர்கள் வட்டமாக நின்று நான் சொல்வதைக் கேட்டார்கள். குச்சியால் மண்ணில் முக்கோணம் போட்டேன். மூன்று இஞ்ச் துண்டிலும் நாலு இஞ்ச் துண்டிலும் விளிம்பு வரை தண்ணீர் ரொப்பினேன். ஒன்றன்பின் ஒன்றாக அஞ்சு இஞ்ச் துண்டில் ஊற்றினேன். தண்ணீர் ஏறி ஏறி, சரியாக வாய்க்கு வந்து நின்றது. இரண்டு சொட்டு வழிந்திருக்கும்.

"அட, ஏழு அஞ்சுல அடங்கிடுச்சே" என்றார் பெரியவர்.

அத்தை அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரியாதான இருக்கும், பாப்பா?"

"சரியா இருக்கும் அத்தே. சொட்டு வீணாவாது."

"பாப்பா சொன்னா போட வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே அப்பா எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு.

மூன்று இஞ்ச் துண்டில் இருந்ததை நாலு இஞ்ச் துண்டில் ஊற்றிப் பார்த்திருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றிருக்கும். அங்கேயே குட்டு உடைந்திருக்கும். யாரும் ஊற்றவில்லை. ஒன்பதும் பதினாறும் என் நோட்டில் என் கையெழுத்தில்தான் இருந்தன. கூட்டினால் இருபத்தைந்து வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். ஒன்பது அத்தைக்கு, பதினாறு அப்பாவுக்கு என்று பார்க்கத் தோன்றவில்லை. ஒரு இஞ்ச்தானே என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன்.

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். வெயில் எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையே சூடேறிக் கிடக்கும். ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். யாரோ ஒரு விவசாயி விலை பேசிக்கொண்டிருந்தார்.

"நாலு இஞ்ச் வேணாங்க, வெல ஜாஸ்தி. மூணு இஞ்ச்சே குடுங்க. ஒரு இஞ்ச்தான கம்மி."

அப்பா சிரித்தார். "ஒரு இஞ்ச்னு நெனச்சிக்கினு வாங்கிட்டுப் போவாதீங்க. நாலு இஞ்ச்ல வர்றதுல ஏறக்கொறைய பாதிதான் மூணு இஞ்ச்ல வரும். பன்னெண்டு வருசமா இதத்தான விக்கறேன், எனக்குத் தெரியாதா? பாத்துச் செய்ங்க, பயிரு காஞ்சிட்டா அப்பால என்னச் சொல்லாதீங்க."

முகம் தெரியாத ஒரு மனுஷனுக்கு அவ்வளவு நேர்மையாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பும்போதுதான் என்னைப் பார்த்தார். கேரியரை மேசைமேல் வைத்தேன். வந்துவிட்டேன். தேரடி வீதியில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. நடக்க நடக்க எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அத்தைக்கு முன்பு இருபத்தைந்தில் பன்னிரண்டரை. இப்போது ஒன்பது. பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். என் நோட்டைப் பார்ப்பதற்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அத்தையை எப்படி நம்ப வைப்பது என்று. அதற்கு நான் கிடைத்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"நீ சொன்னதுல பொய் இருக்குதா? இல்ல. நான் சொன்னதுல? ஒரு இஞ்ச் ஜாஸ்தின்னு வாயத் தொறந்துதான சொன்னேன்."

"அத்தைக்கு நெல்லு காயும் பா."

"நீ காலேஜ் போவணும்ன்ற. கணக்கு படிக்கணும்ன்ற. இந்தக் கடைய நம்பியா நான் அனுப்ப முடியும்? கரும்பு வந்தாதான் நீ போவ. வேணாம்னா சொல்லு, நாளைக்கே குழாய மாத்திடறேன். பத்தாவதோட நிறுத்திக்கலாம்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மறுபடி அடுப்புக்குத் திரும்பினாள். குழாயை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்த வாரமே அத்தை ஆள் அனுப்பிவிட்டாள். நவரைப் பட்டத்து நெல் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் பற்றாமல் கருகுகிறது, ஊர்ப் பெரியவர் வந்து கேட்க வேண்டும் என்று. மறுபடியும் கிணற்று மேடு. மறுபடியும் அதே ஆட்கள். அத்தையின் நெல் கடைசி இரண்டு மடையில் வைக்கோலாக நின்றது. அப்பாவின் கரும்பு முழங்கால் உயரம், கரும்பச்சை.

"எனக்குப் பாதி தண்ணிகூட வரல" என்றாள் அத்தை. "ஒரு இஞ்ச்சுன்னு சொல்லித்தான கையெழுத்து வாங்கின. ஒரு இஞ்ச்சுக்கு இவ்ளோ கொறையுமா?"

"எல்லார் எதிர்க்கதான காட்டினோம்?" என்றார் அப்பா. "பாப்பாவயே கேளு."

பெரியவர் என் பக்கம் திரும்புமுன் அத்தையே என் முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. கடிதம் படிக்கச் சொல்லும்போது எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள்.

"நீ சொல்லு பாப்பா. மூணு இஞ்ச்சுக்கும் நாலு இஞ்ச்சுக்கும் எவ்ளோ வித்தியாசம்?"

எனக்குத் தெரியும். ஒன்பது, பதினாறு. நாக்கு நுனியில் இருந்தது. அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு இஞ்ச், அத்தே" என்றேன்.

"கொழந்த சொல்லிடுச்சி. அப்பறம் இன்னா" என்று பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.  அத்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என்னிடம் எந்தச் சீட்டையும் படிக்கக் கொடுக்கவில்லை. அடுத்த பட்டத்தில் மல்லாட்டை போட்டுப் பார்த்தாள், அதுவும் தேறவில்லை. கழனியை அப்பாவிடமே விட்டுவிட்டு மகனோடு டவுனுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாகச் சேர்ந்தாள். என் கல்யாணத்துக்கு வந்தாள், பந்தியில் உட்காராமல் போய்விட்டாள். நான் காலேஜ் போனேன். கணக்குதான் படித்தேன். முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தேற்றத்தைப் பலகையில் போட்டிருக்கிறேன். வட்டம் போடலாமா என்று எந்தப் பிள்ளையாவது எழுந்து கேட்டால் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொள்வேன். கரும்பு போட்ட இடத்தில் இப்போது கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். கிணற்றையும் மூடிவிட்டார்கள்.

நீங்கள் கேட்பீர்கள், அப்பாவை நான் மன்னித்தேனா என்று. இல்லை. கடைசிக் காலத்தில் மலமூத்திரம் எடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், மன்னிக்கவில்லை. அத்தையை ஏமாற்றியதைக்கூட ஒருவேளை விட்டிருப்பேன். பதினான்கு வயதுப் பெண் கண்டுபிடித்த ஒரே ஒரு நல்ல விஷயத்தை எடுத்து அதற்குக் கருவியாக்கினாரே, அதை என்னால் விட முடியவில்லை. என் வாழ்க்கையில் யாராவது என் பேச்சை உட்கார்ந்து கேட்டால், இவருக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அது அவர் கொடுத்த சீதனம். போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி, மகன் கட்டிய புது வீட்டில் இருக்கிறாள். எழுபத்து மூன்று வயது. கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். என் குரலை வைத்தே கண்டுபிடித்து, "வா பாப்பா" என்றாள். டீ போட்டு வரச் சொன்னாள். நாற்பத்தைந்து வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டிவிடலாம் என்றுதான் போயிருந்தேன், கொட்டினேன். கடையில் கேட்டது, அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது, காலேஜ், எல்லாம். அழுகை வேறு வந்துவிட்டது.

"அப்பா என்ன வெச்சு உன்ன ஏமாத்திட்டாரு அத்தே. என்னயும் சேத்துதான் ஏமாத்திட்டாரு."

அத்தை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும். மொத வாட்டி உன்னயும் சேத்துதான் ஏமாத்தினான். அன்னிக்கு உன் மூஞ்சில எவ்ளோ சந்தோசம், பாத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். கையை விடாமல், "ரெண்டாவது வாட்டி உன்ன யாரு ஏமாத்துனது, பாப்பா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். நான் அப்போ சின்னப் பொண்ணு அத்தே என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கதோஷம், அதற்குள் மனசு அத்தைக்கு அன்றைக்கு என்ன வயது என்று கழித்துப் பார்த்துவிட்டது. இருபத்தெட்டு.